கண்ணாடிக்குப் போட்ட படுக்கை

அம்சவல்லிக்கு வலது தோளைத் தூக்க முடியாது என்பது பழைய செய்தி. அந்தத் தோளை வைத்துக்கொண்டு பதினோரு மாதம் ஒரு கண்ணாடியைத் தேய்த்தாளே, அதுதான் தெருவுக்கு வாய் வலிக்கப் பேசக் கிடைத்தது. "பீங்கான் ஃபேக்டரியில எட்டு மணி நேரம் கோப்பையத் தேய்ச்சிட்டு வந்து வூட்டுலயும் தேய்க்கிறாளே, இவளுக்கு இன்னா கிறுக்கா?" என்று எதிர்வீட்டு விருத்தாம்பாள் கேட்டாள். அம்சவல்லி சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கிறுக்குதான், இல்லையென்று சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது?

கிறுக்கு பிடித்தது போன வருஷம். 2004 ஜூனில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போகப் போகிறது என்று அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராக முகாம் போட்டுக்கொண்டிருந்த நேரம். மகள் கயல்விழி படித்த பள்ளிக்கூடத்தில் பத்து நாள் தொலைநோக்கி முகாம் நடந்தது. துணைக்குப் போன அம்சவல்லி, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று தொலைநோக்கிக்கான ஆறு அங்குலக் கண்ணாடி ஒன்றை எடுத்துக் குழிவாகத் தேய்க்க ஆரம்பித்தாள். வாத்தியார்களும் பிள்ளைகளும் தேய்த்ததையெல்லாம் தள்ளிவிட்டு அவள் தேய்த்ததுதான் சோதனையில் முதலில் தேறியது. முகாம் நடத்திய தர்மராஜ் காலேஜில் பௌதிக லேபைப் பார்த்துக்கொள்கிறவன். "அக்கா, இந்தக் கை எங்கிருந்துக்கா வந்திச்சி ஒங்களுக்கு?" என்றான். பத்தொன்பது வருஷமாக, இன்னும் சூளைக்குப் போகாத பச்சைக் கோப்பையின் வாயை ஈரப் பஞ்சால் வழித்து வழித்து வந்த கை அது. ஆனால் அதுவரை ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பதினோரு மாதம்.

கயல்விழி நர்சிங் படிக்கக் கடலூர் ஹாஸ்டலுக்குப் போனாள். வீட்டில் மகள் இருந்த இடத்துக்குக் கண்ணாடி வந்தது. மங்கலம்பேட்டையில் துபாயிலிருந்து திரும்பின ஒருவர் வீட்டு டீப்பாயின் மேல்கண்ணாடி. பதினாறு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன். அதைக் கொண்டுவந்து கொடுத்தபோதே தர்மராஜ் எச்சரித்தான். இவ்வளவு அகலத்துக்கு இது ரொம்ப மெல்லிசு, தன் பாரத்திலேயே தொய்யும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நட்சத்திரத்தைப் பார்க்கும்போது தெரிந்துவிடும், தேய்க்கிறது பாதி வேலை, தேய்த்ததை வளையாமல் தாங்கிப் பிடிக்கிறது மீதிப் பாதி என்றான்.

அந்த மீதிப் பாதியை அவள் வீட்டுக்காரர் பழமலைநாதன் எடுத்துக்கொண்டார். அதே ஃபேக்டரியில் அச்சு வார்க்கிற கொட்டகையான அச்சு செட்டுக்கு மேஸ்திரி. கோப்பை, சாசர், ஜாடி எதுவானாலும் அவர் ஊற்றுகிற பிளாஸ்டர் அச்சில்தான் பிறக்க வேண்டும். தர்மராஜ் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து காட்டினான். கண்ணாடியின் முதுகைப் பதினெட்டுப் புள்ளியில் தாங்குகிற அமைப்பு. ஆறு முக்கோணம், ஒவ்வொன்றின் மூன்று மூலையிலும் ஒரு கம்பளித் துண்டு, இரண்டிரண்டு முக்கோணத்துக்கு ஒரு சட்டம். எல்லாம் சீசா மாதிரி ஆடும். ஒரு புள்ளியில் பாரம் கூடினால் முக்கோணம் சாய்ந்து கொடுத்து எல்லாப் புள்ளிக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடும். ஓரத்தைப் பிடிக்க ஒரு நாடா ஊஞ்சல், அவ்வளவுதான். கண்ணாடி எங்கேயும் இறுகக் கூடாது.

பழமலைநாதன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அம்சவல்லி மறக்கவில்லை. "பதினெட்டு எடத்துல தாங்கினாப் போதுமா தம்பி? நான் பதினெட்டாயிரம் எடத்துல தாங்கித் தர்றன்" என்றார். கண்ணாடியின் முதுகில் சோப்புக் கரைசலைத் தடவி, குப்புறப் போட்டு, சுற்றிலும் தகரம் கட்டி, பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினார். இறுகியதும் எடுத்துப் பார்த்தால், அடேயப்பா, கண்ணாடியின் முதுகு அப்படியே அதில் பதிந்திருந்தது. சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு விளிம்புச் சுவர் வேறு. கண்ணாடியை உள்ளே வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். கிச்சென்று உட்கார்ந்தது. "ஆடாது, அசையாது. ராணி மாதிரி படுத்துக்கும்" என்றார். அச்சு வேலைக்காரனுக்குக் கிச்சென்று பொருந்துவதைவிடப் பெரிய பெருமை கிடையாது. தர்மராஜ் ஏற்கனவே தச்சரிடம் செய்து வாங்கி வந்திருந்த முக்கோணங்களைப் பரணில் தூக்கிப் போட்டாயிற்று.

இதெல்லாம் நடந்து முடிந்து, ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தர்மராஜ் சோதனை பார்க்க வந்தான். தேறினால் அடுத்த வாரம் திங்கட்கிழமை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் அலுமினியப் பூச்சு போட வேண்டும். பூச்சு போடும் மெஷினை அதற்கப்புறம் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போகிறார்களாம், அந்தத் திங்கள் தவறினால் எப்போது என்று அவர்களுக்கே தெரியாதாம்.

"நட்சத்திரத்துக்குக் காத்திருக்க வேணாங்க்கா" என்றான். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தைத் தாண்டி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டுக் கம்பம். கிழக்கே ஏறுகிற வெயில் அதன் உச்சிப் பீங்கானில் பட்டு ஊசிமுனை போல மின்னியது. "அதுவும் ஒரு நட்சத்திரந்தான். பூச்சு இல்லாத கண்ணாடிக்கு அந்த வெளிச்சமே போதும்" என்று படுக்கையோடு கண்ணாடி பொருத்திய தொலைநோக்கிப் பெட்டியை அந்தப் பக்கம் படுக்கவைத்துத் திருப்பினான். குனிந்து பார்த்தான். திருகினான். மறுபடி பார்த்தான். அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்ற அம்சவல்லிக்கு அந்த முதுகு பேசாமலிருந்த விதமே பிடிக்கவில்லை.

"கோடா இழுக்குதுக்கா" என்றான் கடைசியில்.

அவளும் பார்த்தாள். புள்ளியாக நிற்க வேண்டியது நட்டுக்குத்தலாக ஒரு கோடாக நின்றது. பார்வையைத் தெளிவாக்குகிற குமிழை இந்தப் பக்கம் திருகினால் அதே கோடு படுக்கையாகப் படுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி. புள்ளியை மட்டும் காணோம்.

"ஒரு பக்க வளைவு இன்னொரு பக்க வளைவோட ஒத்துப் போவல. தேய்க்கும்போது கை ஒரு பக்கமா அழுத்தியிருந்தா இப்படி வரும்" என்றவன், சற்றுத் தயங்கி, பழமலைநாதனைப் பார்த்தான். "இல்லன்னா தாங்கலாலயும் வரலாம். அண்ணே, இந்தப் படுக்கையில எதனா..."

"பிளாஸ்டர்ல குத்தம் வராது தம்பி" என்றார் பழமலைநாதன். "இருவத்தாறு வருஷமா நான் அதுலதான் கெடக்கறன்."

வயசில் மூத்தவர், கைத்தொழிலில் பேர் பெற்றவர். தர்மராஜ் வாயை மூடிக்கொண்டான். "அப்ப கண்ணாடிதான். மறுபடி தேய்க்கணும்க்கா. ஒரு ஆறு மாசம்" என்றான். அவள் வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும், "அவசரமில்ல" என்று சேர்த்துக்கொண்டான்.

ஆறு மாதமாவது ஒன்றாவது. அம்சவல்லியை உறுத்தியது அது இல்லை. ஃபேக்டரியில் நாலு மாதமாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழித்து அனுப்பிய கோப்பைகள் சூளையிலிருந்து வாய் கோணி வருகின்றன. வட்டமாகப் போனது நீள்வட்டமாகத் திரும்புகிறது. சூப்பர்வைசர் பூவராகவன் கோணல் கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்து, "ஒன் கை அழுத்துதும்மா. முன்ன மாதிரி இல்ல" என்பார். இல்லை சார், இல்லை சார் என்று அவளும் நாலு மாதமாகச் சொல்லி வந்தாள். அப்படிச் சொல்ல அவளுக்குத் தைரியம் கொடுத்ததே வீட்டில் இருந்த கண்ணாடிதான். இந்தக் கையால்தானே அதைத் தேய்க்கிறேன், கை கெட்டிருந்தால் அது வருமா என்று நினைத்துக்கொள்வாள். இப்போது கண்ணாடியும் அதையேதான் சொல்லிவிட்டது. அழுத்துகிறதாம்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எழுந்திருக்கவே அலுப்பாக இருந்தது. சோறு வடிக்க அலுப்பு, பஸ் பிடிக்க அலுப்பு, கோப்பையை எடுக்கப் பயம். பஞ்சை வைத்து வழிக்கும்போது கை அழுத்துகிறதா, அழுத்தவில்லையா என்று பார்த்துப் பார்த்தே ஒரு கோப்பைக்கு இரண்டு கோப்பை நேரம் பிடித்தது. வியாழக்கிழமை பூவராகவன் கூப்பிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. "இன்னும் ஒரு வாரம் பினிஷிங்லயே இருந்து பாக்குறியா, இல்ல பேக்கிங் போறியா? நீயே சொல்லு" என்றார்.

போன வாரமாயிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ. "பேக்கிங்கே குடுத்துடுங்க சார்" என்றாள். அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த முக்காலியில் மத்தியானமே யுவஸ்ரீ என்ற புதுப்பெண் வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்சவல்லி வைக்கோலைப் பிரித்துக் கோப்பைகளுக்கு நடுவே திணிக்கப் போனாள்.

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னாள். பழமலைநாதன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "குனிஞ்சி நிமுர்ற வேலையாச்சே. தோளுக்கு ஆவுமா?" என்றார்.

"ஆவுதோ ஆவலியோ. கோணல் பேரு கேக்க வேணாம் பாருங்க."

 பாதித் தட்டோடு எழுந்து கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். பாவம், நமக்காக வருத்தப்படுகிறார் என்று அம்சவல்லி நினைத்தாள். நினைப்பாள்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஓவர்டைம் என்று ஃபேக்டரிக்குப் போன பிறகு, கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். நாளைக்கு மெட்ராஸ் போகப் போவதில்லை. கண்ணெதிரே இருந்து எதற்கு அறுக்க வேண்டும்? டீப்பாய்க்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிக் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கினாள். வரவில்லை. மூன்று பக்கம் லேசாக எழும்பியது, ஒரு பக்கம் பிடித்த பிடியை விடவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்ப, டக்கென்று விட்டுக்கொண்டு வந்தது.

கையில் ஆறு கிலோ கண்ணாடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு பக்கம் மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

சூளையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தட்டின்மேல் வைத்த சாமான் திரும்பத் திரும்பக் கோணிக்கொண்டு வந்தால், குற்றம் தட்டிலா, தீ அடிக்கிற பக்கத்திலா என்று சண்டை வரும். வாயால் தீராத சண்டை அது. அதனால் அடுத்த சுடலில் தட்டைக் கால் சுற்றுத் திருப்பி வைப்பார்கள். கோணலும் கூடவே திரும்பினால் குற்றம் தட்டில். திரும்பாமல் பழைய பக்கமே நின்றால் தீயில். இதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கண்ணாடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக ஏன் தோன்றவில்லை? தோன்றாது. வீட்டுக்காரரின் பிளாஸ்டரைச் சந்தேகப்பட அவளுக்கு என்றைக்குத் தோன்றியிருக்கிறது?

நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். பொட்டு மேலே இருக்கும்படி முதலில் இருந்தபடியே உட்கார வைத்தாள். முன்பக்கம் ஓடி, கம்பத்துப் பீங்கானைப் பார்வைக்குள் பிடித்தாள். நட்டுக்குத்தலாகக் கோடு. பின்பக்கம் வந்து கண்ணாடியை நெம்பி எடுத்து, பொட்டு வலது பக்கம் வரும்படி கால் சுற்றுத் திருப்பி, மறுபடி உள்ளே தட்டினாள். முன்பக்கம் ஓடினாள். குற்றம் கண்ணாடியில் என்றால் கோடு இப்போது படுத்திருக்க வேண்டும்.

கோடு நட்டுக்குத்தலாகவே நின்றது.

நம்பாமல் இன்னொரு கால் சுற்று. பொட்டு கீழே. கோடு அசையவில்லை. இன்னொரு கால் சுற்று. சாதிக்கிற குழந்தை மாதிரி கோடு நின்ற இடத்திலேயே நின்றது. பொட்டுதான் ஊரைச் சுற்றி வந்தது.

அம்சவல்லி ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். என் கை இல்லை, என் கை இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டுப் பரணில் ஏறினாள். தோள் வலி எங்கே போயிற்றோ, முக்கோணங்களை இறக்கினாள். பிளாஸ்டர் படுக்கையைக் கழற்றித் துணி துவைக்கிற கல்மேல் வைத்தாள். அதன் இடத்தில் முக்கோணங்களைப் பொருத்தி, கட்டில் நாடாவில் இரண்டு முழம் வெட்டிக் கீழ் ஓரத்துக்கு ஊஞ்சல் கட்டி, கண்ணாடியை அதில் உட்கார வைத்தாள். லொடலொடவென்று ஆடியது. கிச்சென்ற பேச்சே இல்லை. இப்படி ஒரு சாமானை வைத்தால் ஃபேக்டரியில் உதை விழும். போய்ப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மினுக்கம் மங்கப் போகிற நேரம். ஆனாலும் தெரிந்தது. ஒரு புள்ளி. திருகினால் வட்டமாக விரிந்தது, திருப்பித் திருகினால் வட்டமாகவே சுருங்கியது.

அதன்பிறகு ஒரு மணி நேரம் துவைக்கிற கல்லருகே குந்தி, பிளாஸ்டர் படுக்கையின் உள்சுவரை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எந்த இடம் கண்ணாடியை நெருக்கியது? கோப்பையில் மயிரிழை மேட்டைக் கண்டுபிடிக்கிற விரல் அது. இருந்தும் பிடிபடவில்லை. பாவம், மனுஷன் எங்கேயோ தெரியாமல் விட்டிருக்கிறார், வந்ததும் மனம் நோகாமல் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பழமலைநாதன் வந்தார். சட்டை முழுக்க வெள்ளைத் தூசி. தோட்டத்துப் பக்கம் வந்தவர் கல்மேல் கிடந்த படுக்கையைப் பார்த்ததும் நின்றார்.

"கண்ணாடியில கோளாறு இல்லீங்க" என்றாள் அம்சவல்லி. "திருப்பித் திருப்பி வச்சிப் பாத்துட்டன். படுக்கைதான் எங்கியோ நெருக்குது. ஒரு மணி நேரமாத் தடவறன், எந்த எடம்னு தெரியல. நீங்க கொஞ்சம் பாருங்களன்."

அவர் உட்கார்ந்தார். படுக்கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண் எங்கேயோ வேலிப்பக்கம் பார்த்தது. கட்டைவிரல் மட்டும் விளிம்புச் சுவரின் உட்பக்கம் போய், தேடாமல், தடவாமல், ஒரு இடத்தில் நின்றது. நின்றதும் திடுக்கிட்டதுபோல் விரலை எடுத்துக்கொண்டார்.

அம்சவல்லி அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். இருந்தது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு ஒட்டு. காய்ந்த பிளாஸ்டர்மேல் ஈரப் பிளாஸ்டரை வைத்துத் தேய்த்து, அதன்மேல் சோப்புத் தடவி மறைத்த ஒட்டு. எவ்வளவு தேர்ந்த கை, மேடு தெரியாதபடி ஓரத்தைக் கரைத்து விட்டிருந்தது.

"நான் ஒரு மணி நேரம் தேடனன்" என்றாள். "நீங்க பாக்காமலே தொட்டுட்டீங்க."

அவர் படுக்கையை மடியிலிருந்து இறக்கிக் கல்மேல் வைத்தார்.

"எப்பத்திலருந்து தெரியும்?"

"ஊத்தனப்ப அங்க காத்துக் குமிழி நின்னு ஒரு பள்ளம் வுழுந்துட்டுது. ஒட்டு போட்டன். தர்மராஜி கோடுன்னு சொன்னப்பவே மனசுல பட்டிச்சி."

"அன்னைக்கேவா?"

"ம்."

"ஏழு நாளு" என்றாள் அம்சவல்லி. குரல் ஏறவில்லை. "ஏழு நாளு என் கையப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க. வியாழக்கிழமை வந்து பேக்கிங் கேட்டுட்டன்னு சொன்னனே, அப்பவும் சோத்துல கைய வச்சிக்கிட்டுக் கேட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே போயி தாளைத் திருப்பி வாங்கியிருப்பன் இல்ல?"

"சொல்லணும்னுதான் பாத்தன்."

"பாத்தீங்க. ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த தூசியை வேட்டியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "இந்த ஒட்ட ஒத்துக்கிட்டா அந்த ஒட்டயும் ஒத்துக்கணும் அம்சா."

"எந்த ஒட்டு?"

"ஃபேக்டரியில நாலு மாசமா புது பிளாஸ்டரே வரல. ஓனர் வாங்கித் தரல. பழைய அச்சுலயே ஒட்டு போட்டு ஓட்டறன். ஒட்டு போட்ட எடம் தண்ணிய ஒரு மாதிரி குடிக்கும், போடாத எடம் ஒரு மாதிரி குடிக்கும். கோப்பை காயும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கும். சூளைக்குப் போனா..." என்று நிறுத்தினார்.

"வாய் கோணும்" என்று அம்சவல்லி முடித்தாள்.

நாலு மாதம். கோணல் கோப்பையை மேஜைமேல் வைத்து வைத்துப் பூவராகவன் அவளை நிற்க வைத்த நாலு மாதமும் அச்சு செட்டு பக்கத்திலேயேதான் இருந்தது. நடுவில் ஒரு தட்டி. அவர் இருமினால் அவளுக்குக் கேட்கும். அவளைக் கூப்பிட்டுத் திட்டியது அவருக்குக் கேட்காமலா போயிருக்கும்?

கத்த வேண்டும் என்று நினைத்தாள். கத்த முடியவில்லை. உடம்பிலிருந்த அலுப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. "என்னை ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூட மறந்திருப்பங்க" என்றாள். "என் கை போயிடுச்சின்னு என்னையே நம்ப வச்சிட்டீங்களே."

"மேஸ்திரி பட்டம் போயிடும்னு பயந்துட்டன்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பூவராகவன் சாருகிட்ட நீங்களே போயி சொல்லணும். நான் சொல்ல மாட்டன். தர்மராஜுக்கு நான் போன் பண்ணிக்கிறன். நாளைக்குக் கண்ணாடிய நானே மெட்ராஸ் கொண்டு போறன்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவள் உள்ளே போய்த் தரையில் படுத்துவிட்டாள். சோறு போடவில்லை. நாலு மணி வாக்கில் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது. விளக்கு வைத்தபிறகு திரும்பி வந்தது. எங்கே போனீங்க என்று அவள் கேட்கவில்லை. டீக்கடைக்காக இருக்கும், வேறெங்கே போகப் போகிறார்? காலையில் எதுவும் சொல்லாமல் ஃபேக்டரிக்குப் போய் அச்சு செட்டில் உட்கார்ந்துகொள்வார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் செய்த ஆளைப் பற்றி இப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலை அவள் எழுந்தபோது கண்ணாடிப் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பலகைப் பெட்டிக்குள் பழைய போர்வையைச் சுருட்டி, கண்ணாடி இறுகாதபடி, அதே சமயம் ஆடி இடிபடாதபடி அவரே அடுக்கியிருந்தார். பஸ் ஸ்டாண்டு வரை அவரே தூக்கி வந்தார்.  மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, அவள் உட்கார்ந்ததும் பெட்டியை மடியில் வைத்தார். சில்லறையாக இருக்கட்டும் என்று ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றை அவள் கையில் திணித்தார். பிறகு இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தாள். டிரைவர் ஏறி உட்கார்ந்ததும் பொறுக்க முடியவில்லை. "இன்னைக்காவது பூவராகவன் சாருகிட்ட..."

"நேத்து சாயங்காலமே அவரு வூட்டுக்குப் போயி சொல்லிட்டன்" என்றார்.

அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சொன்னாரு?"

கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் உறுமிக்கொண்டு பின்னால் ஒரு அடி நகர்ந்து முன்னால் திரும்பியது. பழமலைநாதன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே இரண்டு எட்டு நடந்தார். முகத்தில் தூக்கம் இல்லாத களைப்பு.

"நாளையிலருந்து நீ பினிஷிங்குக்கே வந்துடலாம்னாரு. இன்னைலருந்து எனக்குப் பேக்கிங்கு."

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அம்சவல்லிக்கு இறங்க வேண்டும் போல இருந்தது. மடியில் பதினோரு மாதக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு ஆள், நடுவழியில் மூட்டை. எழுந்திருக்க முடியவில்லை. கழுத்தை வெளியே நீட்டி, "ஏங்க, வைக்கோல் தூசி ஒங்க இருமலுக்கு ஆவாதுங்க, மூக்குல துண்டக் கட்டிக்குங்க" என்று கத்தினாள். பஸ் ஜங்ஷன் ரோட்டில் திரும்பிவிட்டது. அது அவர் காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.